முள் காட்டிய ஒன்று புள்ளி ஒன்று

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதப் புயல் எங்கள் அரியலூர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன காலையில் நடந்தது இது.

எனக்கு வீடு அரியலூர் டவுனில். வேலை பெரம்பலூரில், ஒரு பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில். எந்த மீட்டரை எங்கே மாட்ட வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டித் தருவதுதான் பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பு. அதனால் மீட்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உண்டு என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியமும் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கம் வைக்கும் பரீட்சையில் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கிவிட்டால், வீட்டிலேயே சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்துப் பேசலாம். செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். என் மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை நேராக இன்னொருவர் ஆன்டெனாவில் போய் விழும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரும் செட்டில் கூடுவோம். பேரை விட ஊர்தான் வாயில் வரும். வேப்பந்தட்டை என்றால் ஒரு பேங்க் ஊழியர். ஆண்டிமடம் என்றால் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயி. செந்துறை என்றால் அங்கே ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு அம்மா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அரியலூர்.

கூட்டத்தை நடத்துவது நான்தான். காரணம், இருப்பதிலேயே உயரமான கம்பம் என்னுடையது. இரண்டு மாடிக்கு மேல் நாற்பது அடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா. அங்கிருந்து கீழே என் அறைக்கு வரும் கேபிள் மட்டுமே நாற்பது மீட்டர் நீளம்.

என் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்பார்கள். செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டுவது. பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால் அதன் முள் அசையும். முள் ஒன்றில் நின்றால் அருமை. ஒன்றரை என்றால் பரவாயில்லை. இரண்டைத் தாண்டினால் சிவப்புக் கட்டம். எங்கள் ஆட்களுக்கு இந்த எண் பரீட்சை மார்க் மாதிரி. நான் ஆன்டெனா ஏற்றிய புதிதில் ஒன்றரை காட்டியது. ஒரு வருடம் கழித்து ஒன்று புள்ளி மூன்று. அடுத்த மழைக்காலம் தாண்டியதும் ஒன்று புள்ளி ஒன்று. எதையும் தொடாமலே மார்க் ஏறிக்கொண்டு போகிறது. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதே சமயத்தில் வேப்பந்தட்டைக்காரர் ஒரு நாள், என் குரல் முன்னே மாதிரி கணீரென்று இல்லை, எங்கோ தூரத்தில் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் மீட்டரைப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று. உங்கள் பக்கம் ஏதோ கோளாறு, பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு எல்லோரும் செந்துறை ஜெராக்ஸ் கடையில் கூடினோம். அந்தம்மாவின் ஆன்டெனாவை அன்றுதான் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் குழாய் பற்றவைக்கப் பயன்படுத்தும் செம்புக் கம்பிகள் ஐந்து. ஒன்று மேலே நிமிர்ந்து, நான்கு சுற்றிலும் பக்கவாட்டில். அதைப் பிளாஸ்டிக் குழாயில் சொருகி, கடையின் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் கட்டியிருந்தார். செட்டும் கையில் பிடிக்கும் சின்ன செட்தான். கேபிள் ஆறு மீட்டர் இருக்கும்.

நான் பையிலிருந்து மீட்டரை எடுத்து மாட்டினேன். இரண்டு புள்ளி இரண்டு. அத்தனை பேர் முன்னால், இதை இறக்கிவிட்டு வேறு செய்யுங்கள், இப்படியே பேசினால் செட் புகைந்துவிடும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது எதை சார் அளக்குது?"

"ஆன்டெனா நல்லாருக்கா இல்லையான்னு அளக்குது."

"ஆன்டெனா மேல இருக்கு. மீட்டர் இங்கல்ல இருக்கு?"

அதான் மேடம் டெக்னாலஜி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். ஆனால் ஆன்டெனாவை இறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் புயல் அதிகாலையில் கரையேறி, விடிவதற்குள் எங்களைக் கடந்துவிட்டது. காலை ஏழு மணிக்குக் கரண்ட் இல்லை, போனில் ஒரு கோடு கூட இல்லை. மழை மட்டும் விடவில்லை. நிவாரண வேலை பார்க்கும் ஒரு தன்னார்வக் குழுவின் தலைவர் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர்களிடம் மரம் அறுக்கும் மெஷினோடு ஒரு வண்டி இருந்தது. எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது நான்.

பேட்டரியில் செட்டைப் போட்டு ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டேன். பெரம்பலூர் பதில் சொன்னது. வேப்பந்தட்டை இரைச்சலுக்கு நடுவே பதில் சொன்னது. ஆண்டிமடத்தைப் பத்து தடவையாவது கூப்பிட்டிருப்பேன். வெறும் 'உஸ்' என்ற சத்தம்தான். மீட்டரைப் பார்த்தேன். முள் ஒன்று புள்ளி ஒன்றில் ஆடாமல் நின்றது. என் பக்கம் சரியாக இருக்கிறது, அப்படியானால் அவர் செட்டே போடவில்லை, பிரச்சினை இருந்தால் போட்டிருப்பார். இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆண்டிமடம் பக்கம் அமைதி என்று நோட்டில் எழுதினேன். குழுத் தலைவரிடமும் அதையே சொன்னேன். அவர் வண்டியை வேறு திசையில் இருக்கும் திருமானூர் பக்கம் அனுப்பிவிட்டார்.

எட்டு மணி வாக்கில் செந்துறை குறுக்கே வந்தது. துண்டு துண்டாக விழுந்தது குரல். அரியலூர் என்பது பாதி, ஆண்டி என்பது பாதி, வண்டி என்பது பாதி. எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு மாதம் முன்பே இறக்கச் சொன்ன ஆன்டெனா. பட்டனை அழுத்தினேன்.

"செந்துறை, உங்க குரல் உடையுது. ரெண்டு புள்ளி ரெண்டை வச்சுக்கிட்டு இன்னிக்குப் பேசாதீங்க. லைனை ஃப்ரீயா விடுங்க."

இன்னும் இரண்டு தடவை அந்தக் குரல் வந்தது. அப்புறம் வரவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன்.

மதியம் ஒரு மணி இருக்கும். மழை தூறலாகிவிட்டது. வாசலில் ஒருவர் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு, ஈரச் சட்டை. ஆண்டிமடத்துக்காரர். அவ்வளவு தூரத்திலிருந்து இந்த நிலையில் எப்படி வந்தார் என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்.

"சார், காலைல நான் பேசுனது உங்க செட்டுல விழவே இல்லியா?"

உள்ளே உட்கார வைத்ததும் நடந்ததைச் சொன்னார். காற்றில் முந்திரி மரம் ஒன்று ஆட்டுக் கொட்டகை மேல் விழுந்திருக்கிறது. ஏழு மணிக்கு அவருடைய அண்ணி, மாட்டிக்கொண்ட ஆட்டை இழுக்கப் போய்க் கிளைக்கு அடியில் கை விட்டிருக்கிறார். கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. போன் வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜெயங்கொண்டம் ரோட்டில் வரிசையாக மரங்கள் விழுந்து பைக் கூடப் போக முடியாது. செந்துறைப் பக்கம் மட்டும் தோப்புகளுக்கு நடுவே ஒரு பாதை திறந்திருந்தது. ஆனால் அண்ணியை அவ்வளவு தூரம் பைக்கில் உட்கார வைக்க முடியாது. வண்டி வேண்டும். அவர் செட்டை எடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"அரை மணி நேரம் கூப்ட்டேன் சார். நீங்க என்னைய கூப்புடறது கொசு கத்துற மாதிரி கேட்டுச்சு. நான் பதில் சொல்லச் சொல்ல நீங்க மறுபடி மறுபடி கூப்புடுறீங்க. அப்புறம் நிறுத்திட்டீங்க."

அவர் பேசியது செந்துறைக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அந்தம்மாதான் நான் அரியலூருக்குச் சொல்கிறேன், இருங்கள் என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டது. மூன்று தடவை முயற்சி செய்துவிட்டு ஆண்டிமடத்திடம் திரும்பி, அரியலூருக்கு நான் பேசுவது விழவில்லை, நானே போகிறேன் என்றிருக்கிறார். கடை ஷட்டரை இழுத்துவிட்டு, தேங்கிய தண்ணீரில் நடந்து ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே டிரைவர், போன் எதுவும் வராததால் எங்கே போவதென்று தெரியாமல் நின்றிருந்தார். அந்தம்மா வழியைச் சொன்னதோடு நிற்கவில்லை. கையில் செட்டோடு வண்டியில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டார். கிட்டே போகப் போக ஆண்டிமடத்தின் குரல் கையில் இருந்த செட்டிலேயே கேட்க ஆரம்பித்தது. எந்தத் திருப்பத்தில் மரம் கிடக்கிறது, எந்தத் தோப்புக்குள் வண்டி நுழையும் என்று இவர் சொல்லச் சொல்ல, அவர் டிரைவருக்குச் சொல்லி, வண்டி ஊருக்குள் வந்து அண்ணியையும் இவரையும் ஏற்றிக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. மருந்து ஏற்றியாகிவிட்டது. ரத்தம் உறைகிறதா என்று மணிக்கொரு தடவை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணி எப்படி இருக்கிறார் என்று கூட இன்னொரு முறை விசாரிக்கவில்லை. அவரை என் மேஜைக்கு அழைத்துப் போய், பட்டனை அழுத்தி மீட்டரைக் காட்டினேன். பாருங்கள், ஒன்று புள்ளி ஒன்று.

அவர் குனிந்து பார்த்தார்.

"முள்ளு நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நான் பேசுனது உங்களுக்குக் கேக்கலியே."

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்.

நான் நேரே மொட்டை மாடிக்குப் போனேன். கம்பத்தைச் சாய்த்து இறக்கும்படிதான் செய்து வைத்திருந்தேன். இறக்கி, உச்சியில் ஆன்டெனாவோடு கேபிள் சேரும் இடத்தைப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த டேப் வெயிலில் வெடித்துப் பிளந்திருந்தது. கழற்றினால் கேபிளின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே பச்சைப் பாசி மாதிரி களிம்பு.

ஏனென்று தெரியவில்லை, உடனே துடைத்து மாட்டத் தோன்றவில்லை. ஒரு சந்தேகம் வந்தது. கேபிளை ஆன்டெனாவில் சேர்க்காமல், வெறுமனே தரையில் போட்டுவிட்டுக் கீழே வந்தேன். ஆன்டெனாவே இல்லாமல் பட்டனை அழுத்தினால், போன அலையெல்லாம் அப்படியே திரும்பி வர வேண்டும். முள் சிவப்பின் கடைசிக்குப் போய் முட்ட வேண்டும். அதுதான் பாடம். நான் அழுத்தினேன்.

முள் ஒன்று புள்ளி இரண்டில் நின்றது.

மறுபடி மேலே போய்ப் பார்த்தேன். கேபிள் தரையில்தான் கிடந்தது. கீழே வந்து அழுத்தினேன். அதே ஒன்று புள்ளி இரண்டு. ஆன்டெனா இல்லை, ஆனாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறது முள்.

ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட ஆரம்பித்தேன். வெட்கம் ஒரு பக்கம் இருக்க, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் ஆர்வம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. இது எதைத்தான் அளக்கிறது? பெட்டிக்குள் இருக்கும் சமாச்சாரம் எனக்குத் தெரியாததல்ல. தன்னைக் கடந்து மேலே போகும் அலையைப் பார்க்கிறது. மேலேயிருந்து மோதித் திரும்பி வரும் அலையைப் பார்க்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு எண்ணைச் சொல்கிறது. அவ்வளவுதான். அதுவும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில். திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். வராதது ஆன்டெனா வழியாக வானத்துக்குப் போனதா, கேபிளுக்குள்ளேயே சூடாகிச் செத்துப்போனதா, அதற்குத் தெரியாது.

இதை நான் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லேபில் டம்மி லோடு என்று ஒரு டப்பா இருக்கிறது. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி செட்டைச் சோதிப்பதற்கு. சக்தி முழுவதையும் வாங்கிச் சூடாக்கிவிடும், வெளியே ஒன்றும் போகாது. அதை மாட்டினால் மீட்டர் கச்சிதமாக ஒன்று காட்டும். பிள்ளைகளிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். என் வீட்டு மாடியில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு டம்மி லோடு தொங்குகிறது என்று மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் லேபிலிருந்து பவர் மீட்டரைக் கொண்டுவந்து கேபிளின் மேல் முனையில் மாட்டிப் பார்த்தேன். கீழே இருபத்தைந்து வாட் கொடுத்தால் மேலே இரண்டரை வந்தது. பத்தில் ஒன்பது பங்கு வழியிலேயே போய்விடுகிறது. வெளியிலிருந்து வரும் குரலுக்கும் அதே கதிதான். அதனால்தான் ஆண்டிமடம் எனக்கு விழவே இல்லை, கிட்டே இருந்த செந்துறை உடைந்து விழுந்தது. உடைத்தது அவர் ஆன்டெனா அல்ல, என் கேபிள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் இறங்கி இறங்கி கேபிள் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கெடக் கெடத் திரும்பி வரும் அலையும் வழியிலேயே செத்திருக்கிறது. என் மார்க் ஏறிய ரகசியம் அதுதான்.

செந்துறையின் இரண்டு புள்ளி இரண்டையும் கணக்குப் போட்டேன். போவதில் ஏழில் ஒரு பங்குதான் திரும்புகிறது. மீதி ஆறு பங்கு ஜம்மென்று வானத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி செந்துறை போனேன். கடையில் நிவாரண மனுவுக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க நல்ல கூட்டம். ஒரு மணி நேரம் ஓரமாக நின்றேன். கூட்டம் குறைந்ததும் போய், நான் சொன்னது தப்பு, செய்ததும் தப்பு என்றேன். இதை இரண்டு மாதம் முன்பு அத்தனை பேர் முன்னால் பேசிய அதே இடத்தில் நின்று சொன்னேன். கேபிள் விஷயத்தையும் முழுக்கச் சொன்னேன்.

அவர் மெஷினில் பேப்பர் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பேசாதீங்கன்னு நீங்க சொன்னப்ப கோவம் வந்துச்சு சார். ஆனா அப்ப கோவப்பட நேரமில்ல."

மெஷினை நிறுத்திவிட்டு, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் அந்த டெஸ்டை இங்கேயும் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். கண்ணில் அப்படி ஒரு ஆசை. செய்தோம். அவருடைய கேபிளில் ஆன்டெனாவைக் கழற்றியதும் முள் பாய்ந்து போய்ச் சிவப்பின் கடைசியில் முட்டியது. அப்படியானால் தன் கேபிள் உள்ளதைத்தான் சொல்கிறது என்றார். பிறகு பக்கவாட்டுக் கம்பிகள் நான்கையும் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்தோம். முள் ஒன்று புள்ளி நான்குக்கு இறங்கியது. உடனே வேப்பந்தட்டையைக் கூப்பிட்டு வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லையே, எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். இந்த முறை அவர் சிரித்தது மரியாதைக்கு அல்ல.

இப்போது கேபிள் புதிது, நீளமும் பாதி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை செந்துறையும் நானும் மாற்றி மாற்றி நடத்துகிறோம். லேபில் பிள்ளைகளிடம் எந்த மீட்டரைக் கொடுத்தாலும், இதற்கு எது தெரியும், எது தெரியாது என்று எழுதிவிட்டுத்தான் மாட்டச் சொல்கிறேன்.

அடுத்த தை மாதம் ஆண்டிமடத்துக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அண்ணி பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பியிருந்தார். விரல் ஒன்று மட்டும் சரியாக மடங்கவில்லை. அந்தக் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொழுந்தனார் என்னை அரியலூர் சார் என்று அறிமுகப்படுத்தியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதான் அன்னிக்கு வண்டி அனுப்பி வச்சீங்களா?"

ஆண்டிமடத்துக்காரர் வேறு பக்கம் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"இல்லீங்க. அது செந்துறை மேடம். நீங்க கடிபட்ட சேதி அன்னிக்கு எனக்குக் கேக்கல."

அவர் சொம்பை எடுத்துக்கொண்டார். பிறகு, பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இத்தனை வருடம் ஆகியும், செட்டில் என்றாலும் சரி, வீட்டில், வகுப்பில் என்றாலும் சரி, யாரிடமிருந்தாவது சத்தமே வராவிட்டால், அவர் பேசவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கேட்கும் நிலையில் நான் இருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.